ஜியாகிரபி எடுக்கிற டீச்சர்ஸ் டீ டைம்ல கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

மதுரைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பி.ஜி. போஸ்ட்ல புவியியல் எடுக்கிறேன். நடு நடுவுல ஆசிரியர் பயிற்சிக்குக் கருத்தாளரா வட்டார வள மையம், டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்)னு கூப்பிடுவாங்க, போவேன். ஹால்ல "டவுட் இருக்கா"னு கேட்டா ஒருத்தர் வாயத் திறக்க மாட்டாங்க, வெளியில வடை டீ வந்ததும் ஆளாளுக்கு பக்கத்துல வந்து மெதுவா கேப்பாங்க. அப்படி திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்க எழுதிருக்கேன். 9, 10 எடுக்கிற சோசியல் டீச்சர்ஸை மனசுல வச்சு எழுதினது, 11, 12 எடுக்கிறவங்களுக்கும் பாதி பொருந்தும்.

சார், நான் ஹிஸ்டரி மேஜர். காலேஜ்ல ஜியாகிரபி பக்கமே போனதில்ல. எங்க ஆரம்பிக்கிறது?

இதான் நம்பர் ஒன் கேள்வி, கேக்குறவங்க ஏதோ தப்பு பண்ண மாதிரி குரலைத் தாழ்த்திக் கேப்பாங்க. இதுல வெக்கப்பட என்ன இருக்கு, நம்ம ஊர்ல வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலும் ஒரே பாடமா ஒரே டீச்சர் தலையில விழுது, நாலுலயும் டிகிரி வாங்கின ஆள் யாரு இருக்கா?

முதல்ல புக்கை முதல் பக்கத்துல இருந்து படிக்காதீங்க. மூணு விஷயம் கையில வந்தா மீதி தானா வரும்: மேப் படிக்கிறது, சூரியனும் பூமியும் (அதாவது பருவம், நேரம், அட்சரேகை தீர்க்கரேகை), அப்புறம் பருவக்காற்று. இந்த மூணுலயும் நம்ம மனசுல ஏற்கனவே சில தப்பு உக்காந்திருக்கும், முதல்ல அதை எடுக்கணும். உதாரணத்துக்கு, வெயில் காலம்னா பூமி சூரியனுக்குக் கிட்ட வருதுன்னு பாதிப் பேர் நினைக்கிறோம். நெசத்துல பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது ஜனவரி முதல் வாரத்துல, சுமார் 14.7 கோடி கி.மீ., ஜூலை ஆரம்பத்துல சுமார் 15.2 கோடி கி.மீ. தள்ளிப் போயிருது. மார்கழிக் குளிர்ல நம்ம போர்வைக்குள்ள கெடக்கும்போதுதான் சூரியன் பக்கத்துல இருக்கு, இதை கிளாஸ்ல சொல்லிப் பாருங்க, பசங்க சண்டைக்கே வருவாங்க. அந்தச் சண்டையிலதான் பூமி அச்சோட 23½ டிகிரி சாய்வைச் சொல்லணும், அதுக்கு முன்னாடி சொன்னா யாரு காதுலயும் ஏறாது.

இன்னொண்ணு, பூமியோட மேல இருக்கிற பாறைத் தட்டுகள் திரவ மேக்மா (உருகின பாறை) மேல மிதக்குதுன்னு சொல்லிட்டுப் போறது. மேலோட்டுக்குக் கீழ இருக்கிற கவசம் திடப்பொருள்தான், ரொம்ப ரொம்ப மெதுவா நகருது, அவ்ளோதான். பூகம்பத்துல வர்ற எஸ் அலை திரவத்துக்குள்ள போகாது, ஆனா கவசத்துக்குள்ள போகுது, அதுக்கும் கீழ திரவமா இருக்கிற வெளிக்கருவத்துலதான் நின்னுருது. அந்த ஒரு வரியே போதும்.

படிக்கிறதுக்கு என்.சி.இ.ஆர்.டி.யோட 11, 12 புவியியல் புக் பி.டி.எஃப். ஃப்ரீயா இருக்கு, அதுலயும் செய்முறைக்குன்னு தனியா போட்ட ரெண்டு புக்கையும் கட்டாயம் எறக்கி வச்சுக்கோங்க. இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா நம்ம மாநில 11-ஆம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்துல வச்சு ரெண்டையும் சேர்த்துப் படிச்சா ஓடிரும்.

டோபோஷீட் டோபோஷீட்னு சொல்றீங்க, எங்க ஸ்கூல்ல ஒண்ணு கூட இல்ல. எங்க கிடைக்கும்?

டோபோஷீட்னா ஒரு பகுதியோட மேடு பள்ளம், கண்மாய், ரோடு எல்லாத்தையும் விவரமாக் காட்டுற மேப். மத்திய அரசோட நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவோட ஆன்லைன் மேப் போர்ட்டல்ல பதிவு பண்ணிட்டு, பொதுமக்களுக்குன்னு போடுற ஓப்பன் சீரிஸ் ஷீட்டை பி.டி.எஃப்.-ஆ எறக்கிக்கலாம். ஆனா மொதல்ல உங்க ஊரு எந்த ஷீட்டுல வருதுன்னு தெரியணும். பழைய நம்பர் முறையை இங்க கொஞ்சம் நின்னு பாத்துருவோம், ஏன்னா இதுவே ஒரு பீரியட்.

58-ங்கிறது ஒரு பெரிய கட்டம், 8 டிகிரியில இருந்து 12 டிகிரி வடக்கு, 76-ல இருந்து 80 கிழக்கு. தமிழ்நாட்டுல பெரும்பகுதி இதுக்குள்ள அடங்கிரும், 12 டிகிரிக்கு வடக்க இருக்கிற வேலூர் மாதிரி ஊர்கள் 57-ல வரும், சென்னை தள்ளி 66-ல உக்காந்திருக்கு. அந்தக் கட்டத்தை டிகிரிக்கு ஒண்ணா 16-ஆ வெட்டி இங்கிலீஷ் எழுத்து A-ல இருந்து P வரைக்கும் பேர் வச்சிருக்காங்க, மேல இருந்து கீழ எறங்கி, திரும்ப அடுத்த வரிசை மேல இருந்து. அதுல ஒவ்வொண்ணையும் மறுபடி 16-ஆ வெட்டினா 15 நிமிஷத்துக்கு 15 நிமிஷம் (ஒரு டிகிரியில 60-ல ஒரு பங்குதான் இங்க நிமிஷம்) ஒரு ஷீட், அதான் 1:50,000 அளவு மேப். மதுரை 9.92 வடக்கு, 78.12 கிழக்கு, கணக்குப் போட்டா 58 கே/1. கன்னியாகுமரி 58 ஹெச்/12. பசங்களை அவங்க ஊரோட அட்சரேகை தீர்க்கரேகையை போன்ல பாத்து எழுதிட்டு வரச் சொல்லி, நம்பரை அவங்களையே கண்டுபிடிக்க விடுங்க, அட்சரேகைன்னா என்னன்னு நீங்க தனியா நடத்தவே வேண்டாம். (புது ஓப்பன் சீரிஸ்ல நம்பர் வேற மாதிரி வரும், மதுரைக்கு சி 44-னு ஆரம்பிக்கும், பாத்துட்டு பயந்துராதீங்க.)

எறக்கின ஷீட்டை ஜெராக்ஸ் கடையில பெருசா கலர் பிரிண்ட் ஒண்ணு போட்டு லேமினேட் பண்ணிருங்க. கிளாஸ் சுவத்துல இருக்கிற உலக மேப்பை விட இதுதான் கிழியிற வரைக்கும் பாப்பாங்க. நான் முதல் தடவை விரிச்சப்ப கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன், வருஷம் பூரா வாயத் தொறக்காதவன், எந்திரிச்சு வந்து குனிஞ்சு விரலை வச்சு, "சார் இது எங்க கண்மாய், ஆனா இப்ப இங்க கண்மாய் இல்லியே, பஸ் டெப்போதான இருக்கு"ன்னான். அன்னைக்கு நடத்த வேண்டிய பாடம் போச்சு, ஆனா அந்த பீரியட் மாதிரி இன்னொண்ணு எனக்கு அமையல. அப்புறம் கூகுள் எர்த்ல பழைய சாட்டிலைட் படங்களை வருஷம் வருஷமா நகத்தி, அந்தக் கண்மாய் எப்ப காணாமப் போச்சுன்னு அவனே கண்டுபிடிச்சான்.

கான்டூர் எப்படி நடத்தினாலும் புரிய மாட்டேங்குது.

கான்டூர்னா ஒரே உயரத்துல இருக்கிற இடங்களைச் சேர்க்கிற கோடு, போர்டுல வரைஞ்சா புரியாது. ஒரு அகலமான குண்டா, கோணல்மாணலா ஒரு கருங்கல்லு, ஒரு சாக்பீஸ். கல்லை குண்டாவுல வச்சு ஸ்கேல் வச்சு 2 செ.மீ. தண்ணி ஊத்துங்க, தண்ணி தொடுற ஓரத்துல சாக்பீஸ்ல சுத்தி கோடு போடச் சொல்லுங்க (ஈரத்துல சாக்பீஸ் ஒட்டாதுன்னா மெழுகு கிரேயான்). இன்னும் 2 செ.மீ., இன்னொரு கோடு. கல்லு முழுகுற வரைக்கும். அப்புறம் தண்ணியைக் கொட்டிட்டு நேர் மேல இருந்து பாக்கச் சொல்லுங்க, போனை மேல பிடிச்சு ஒரு போட்டோ. அந்த போட்டோதான் சம உயரக் கோட்டுப் படம். கல்லு செங்குத்தா இருக்கிற பக்கம் கோடு நெருங்கியிருக்கும், சரிவா இருக்கிற பக்கம் விலகியிருக்கும், நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

இந்த ஐடியா நம்ம பசங்களுக்குப் புதுசே இல்ல, கோடையில தெப்பக்குளத்துல தண்ணி எறங்க எறங்க சுவத்துல கோடு கோடா நிக்குமே, அதே தான். டோபோஷீட்ல அந்தக் கோடு 20 மீட்டருக்கு ஒண்ணுன்னு சொன்னாப் போதும்.

புக்ல இருக்கிற நம்பரெல்லாம் பழசாப் போச்சு, எதை நடத்துறது?

பரீட்சைக்கு புக்ல இருக்கிறதுதான், அதுல மாத்துக் கருத்தே கிடையாது, வீரமா புது நம்பர் எழுதி பையன் மார்க்கை விட்டுறக் கூடாது. ஆனா பாடத்துக்கு, நம்பர் ஏன் மாறுதுங்கிறதுதான் தங்கம்.

கடற்கரை நீளத்தையே எடுத்துக்கோங்க. இந்தியாவுக்கு 7,516.6 கி.மீ., தமிழ்நாட்டுக்கு 906.9-னு மனப்பாடம் பண்ணி வளர்ந்தோம், நடுவுல மாநில அரசு ஆவணங்கள்ல 1,076-னு வேற வரும். இப்ப மத்திய அரசு திருத்தின கணக்குல இந்தியா 11,098.81, தமிழ்நாடு 1,068.69. கடல் வளந்துருச்சா? இல்ல, பழைய கணக்கு 1970-கள்ல 1:45 லட்சம் அளவு மேப்ல எடுத்தது, புதுசு 1:2.5 லட்சம் அளவுல எடுத்தது. பழையதுல ஒரு சென்டிமீட்டர்னா 45 கி.மீ., புதுசுல 2.5 கி.மீ. தான், அதனால முன்னாடி நேர்கோடாத் தெரிஞ்ச இடத்துல இப்ப கழிமுகம், ஓடை, வளைவு எல்லாம் தெரியுது. குஜராத் 1,214-ல இருந்து 2,340-க்கு எகிறினதுக்கும் கட்ச் பக்கம் இருக்கிற அத்தனை ஓடைகளும் ஒரு பெரிய காரணம்.

கிளாஸ்ல எப்படின்னா, அட்லஸ்ல ஒரு சின்ன இந்தியா மேப், ஒரு பெரிய மேப், ரெண்டுலயும் தூத்துக்குடியில இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பூக்கட்டுற நூலை வச்சு ஓரமாவே அளந்து, ஸ்கேல் வச்சு கிலோமீட்டரா மாத்தச் சொல்லுங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போகாது. "யாரு தப்பு சார்?"னு கேப்பாங்க. யாரும் தப்பு இல்லன்னு சொல்லிட்டு கம்முனு உக்காந்துருங்க. மேப் அளவைங்கிற பாடம் அந்த அஞ்சு நிமிஷ குழப்பத்துலதான் இருக்கு.

மத்தபடி கிளாஸ் சுவத்துல "புக்ல அப்படி, இன்னைக்கு இப்படி"ன்னு ஒரு சார்ட் வச்சிருக்கோம். தமிழ்நாட்டு மாவட்டம் 38, மாநிலம் 28, யூனியன் பிரதேசம் 8, தமிழ்நாட்டுல ராம்சார் இடங்கள் (உலக அளவுல முக்கியம்னு அறிவிச்ச ஈரநிலங்கள்) 2025 தொடக்கத்துல 20 ஆச்சு, இப்படி. மக்கள்தொகை மட்டும் 2011 சென்சஸ் தான் கையில, தமிழ்நாடு 7.21 கோடி, அதை வச்சுத்தான் ஓட்டணும்.

ஹைடெக் லேப் சாவி எப்பவும் வேற யார்கிட்டயோ இருக்கு. என் போன் ஒண்ணுதான். என்ன பண்ணலாம்?

நெறைய பண்ணலாம், ஆனா கிளாஸ்ல 40 பேருக்கு உங்க போனைத் தூக்கிக் காட்டாதீங்க, பிரயோஜனமே இல்ல. வீட்ல வைஃபைல இருக்கும்போது கூகுள் எர்த்லயோ இஸ்ரோவோட புவன்லயோ (2009-ல வந்தது, இதுல பள்ளிக்குன்னே ஒரு பகுதி இருக்கு) உங்க ஊரைப் பாத்து நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கருப்பு வெள்ளையிலயாவது பிரிண்ட் போட்டு குரூப்புக்கு ஒண்ணு குடுங்க. படம் கைக்கு வந்தாத்தான் பசங்க பாப்பாங்க. புயல் சமயத்துல வானிலைத் துறையோட சாட்டிலைட் படத்தை மூணு மணிக்கு ஒண்ணா சேத்து வச்சாலே நாலு நாள் பாடம் ஓடும். புக்ல இருக்கிற கியூ.ஆர். கோடு, அரசோட தீக்ஷா தளத்து வீடியோ எல்லாம் ரிவிஷனுக்கு நல்லது, வீட்ல பாக்கச் சொல்லுங்க, கிளாஸ் நேரத்தை அதுக்குக் குடுக்க எனக்கு மனசு வராது.

மழைமானி செய்யச் சொல்லி புக்ல இருக்கு. செஞ்சோம், ஒர்க் ஆகல.

எல்லாரும் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லதான் செய்வீங்க, அதுதான் பிரச்சினை. நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கின பாட்டில் வேண்டாம், நேர் உருளையா இருக்கிறதைத் தேடுங்க. மேல் பாகத்தை வெட்டி தலைகீழா புனலா வச்சிருங்க. அடியில மேடும் பள்ளமுமா இருக்கும்ல, அங்க நாலு கூழாங்கல்லு போட்டு நேரான பாகம் ஆரம்பிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்தி அங்கதான் ஜீரோ குறிக்கணும். இதை விட்டதாலதான் பாதிப் பேருக்குத் தப்பாச்சு. மரம், சுவர் ரெண்டுல இருந்தும் அதோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி வைங்க.

அளக்கிறது தினம் காலை 8.30. வானிலைத் துறை அப்படித்தான் அளக்குது, அதனால நம்ம நம்பரை பேப்பர்ல வர்ற நம்பரோட ஒப்பிடலாம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல 95 செ.மீ.னு நியூஸ் வந்துச்சே, அது டிசம்பர் 18 காலை 8.30 வரைக்குமான 24 மணி நேரக் கணக்கு, 17-ஆம் தேதி பகல்ல பேஞ்சதும் அதுலதான் சேருது. இதை வச்சு ஒரு கணக்கு போடுவேன்: ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழைன்னா 1 லிட்டர். அஞ்சு சென்ட் வீட்டு மனை சுமார் 202 சதுர மீட்டர். 95 செ.மீ.னா ஒரு லட்சத்து 92 ஆயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி 16. ஒரே ஒரு வீட்டு மனை மேல, ஒரே நாள்ல. பசங்க அப்படியே அமைதியாயிட்டாங்க, அதுல ஒரு பொண்ணோட அத்தை வீடு அங்கதான். வெள்ளப் பாடத்தை அதுக்கப்புறம் அவங்களே கேட்டு நடத்த வச்சாங்க.

வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சின்னு சொல்றாங்களே, அதுல உருப்படியா எதை எடுக்கலாம்?

50 மணி நேரம்ங்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்றது. மத்திய அரசோட நிஷ்டா ஆசிரியர் பயிற்சி 2019-ல நேரடி வகுப்பா ஆரம்பிச்சு, 2020-ல ஆன்லைனுக்கு மாறி, 2021-ல செகண்டரிக்கும் வந்துச்சு. வெளிப்படையா சொல்றேன், வீடியோவை ஓடவிட்டுட்டு சாம்பார் தாளிக்கிறவங்க நம்மள்ல நெறைய பேரு, நானும் அதுல ஒருத்தன் தான். பொதுவான கற்பித்தல் முறைப் பயிற்சிகள் தப்பில்ல, ஆனா அதுல புவியியல் இருக்காது. ஒரு தடவை ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேன், புவியியல் ஆசிரியர்களுக்குன்னு சர்க்குலர், ரெண்டு நாளும் ஒரு மேப்பைக் கூட யாரும் விரிக்கல, ஐஸ்பிரேக்கிங் கேம் மட்டும் ஆறு விளையாடுனோம்.

பாடத்துக்குன்னு உருப்படியா வேணும்னா டேராடூன்ல இருக்கிற இஸ்ரோவோட ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம் தொலையுணர்வு (சாட்டிலைட் படங்களைப் படிக்கிறது), ஜி.ஐ.எஸ். (கம்ப்யூட்டர்ல மேப் தகவலைக் கையாளுறது) பத்தி ஆன்லைன் கோர்ஸ் நடத்துது, கட்டணம் இல்ல, சர்டிபிகேட்டும் உண்டு. இங்கிலீஷ்லதான் இருக்கும், வேகமாப் போகும், ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம்லயும் புவியியல் கோர்ஸ் வருது, படிக்க ஃப்ரீ, பரீட்சை எழுதத்தான் காசு. சென்னையில இந்தியப் புவியியல் சங்கம் இருக்கு, 1926-ல மெட்ராஸ் புவியியல் சங்கமா ஆரம்பிச்சது, நூறு வருஷமாச்சு. அவங்க ஜர்னல் காலேஜ் லெவல்தான், ஆனாலும் நம்ம மாநிலத்தைப் பத்தின கட்டுரைகள் கிடைக்கும்.

ஆனா எனக்கு அதிகமாக் கத்துக் குடுத்தது எதுன்னா, பக்கத்து ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்களோட செஞ்சுக்கிட்ட ஒப்பந்தம் தான். மாசத்துக்கு ஒரு பீரியட் அவங்க என் கிளாஸ்ல வந்து கடைசி பெஞ்சுல உக்காருவாங்க, அடுத்த மாசம் நான் அங்க. ரெண்டு ஹெச்.எம்.மும் வாய்மொழியா சரின்னாங்க. முதல் தடவையே, "சார், நீங்க மேப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டே மேப் நடத்துறீங்க, ஒரு பக்கம் பசங்களுக்கு உங்க முதுகு மட்டும்தான் தெரியுது"ன்னாங்க. பல வருஷமா நான் அப்படித்தான் நின்னிருக்கேன்.

களப்பயணத்துக்கு எங்க கூட்டிட்டுப் போகலாம்? காசும் இல்ல, பர்மிஷனும் கஷ்டம்.

காசு இல்லன்னா ஸ்கூல் கிரவுண்டே போதும். ஒரு குச்சியை நட்டு நிழல் ரொம்பக் குட்டையா ஆகுற நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்க, 12 மணிக்கு ஆகாது, மதுரையில சராசரியா ஒரு 17, 18 நிமிஷம் தள்ளித்தான் ஆகும், மாசத்துக்கு மாசம் கொஞ்சம் முன்ன பின்ன போகும். ஏன்னா நம்ம கடிகாரம் 82½ டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு ஓடுது, நாம 78-ல இருக்கோம், டிகிரிக்கு 4 நிமிஷம். சென்னைக்காரங்கன்னா ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல உச்சியில நிழலே விழாது, அதை விட்றாதீங்க.

பஸ் கிடைச்சா, விழுப்புரம் பக்கம் திருவக்கரை கல்மரப் பூங்கா, பெரம்பலூர் பக்கம் சாத்தனூர் கல்மரம், அங்கிருந்து காரை. காரையில செம்மண் ஓடை ஓடையா அரிச்சுக் கிடக்கும், கடல்வாழ் உயிரோட புதைபடிவம் கிடைக்கிற இடம், கடற்கரையே இல்லாத ஊர்ல கடல் இருந்துச்சுங்கிறதை அங்க நின்னு சொன்னாத்தான் நம்புவாங்க (பசங்க பாக்கெட்ல எடுத்துப் போட்டுக்காம பாத்துக்கோங்க). தெற்கன்னா தூத்துக்குடி, திருநெல்வேலி தேரிக்காடு (செம்மணல் மேடுகள்). சென்னையில பரங்கிமலை, 1802 ஏப்ரல்ல வில்லியம் லாம்டன்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி நிலவளவைக்கு அடிக்கோடு (மத்த எல்லா அளவுக்கும் அடிப்படையான முதல் கோடு) அளக்க ஆரம்பிச்ச இடம், நம்ம டோபோஷீட்டோட தாத்தா அங்கதான் பொறந்தாருன்னு சொல்லுவேன். லாம்டனோட அரை டன் தியோடலைட்டை (கோணம் அளக்கிற கருவி) தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தும்போது 1808-ல கயிறு அறுந்து சுவத்துல மோதி உடைஞ்சுது, அதை அவரு பல வாரம் உக்காந்து சரி பண்ணாரு. லேப்ல ஏதாவது உடைச்சுட்டு அழுற பசங்களுக்கு இந்தக் கதையைச் சொல்றது என் வழக்கம்.

இந்தியா மேப் நெட்ல இருந்து எடுக்கலாமா?

எல்லைக் கோட்டுக்காக சர்வே ஆஃப் இந்தியா மேப்பை மட்டும் எடுங்க. வெளிநாட்டு சைட்ல ஜம்மு காஷ்மீர், லடாக் பக்கம் கோடு வேற மாதிரி இருக்கும், அதை கொஸ்டின் பேப்பர்ல போட்டு மாட்டிக்கிட்டவங்களை எனக்குத் தெரியும். ஏ.ஐ.-ல மேப் வரையச் சொல்றதும் வேண்டாம், நான் பாத்ததுல ஒண்ணுல தமிழ்நாட்டுக்கு மேற்குல கடல் இருந்துச்சு.

கண்பார்வை இல்லாத பையன் ஒருத்தன் இருக்கான், மேப் கேள்வின்னா அவனை விட்டுறோம்.

விடாதீங்க. கார்ட்போர்டுல எல்லைக்கு சணல் நூல், ஆறுக்கு மெல்லிசு நூல், மலைக்கு துவரம்பருப்பு, ஊருக்கு பொட்டு, ஃபெவிகால்ல ஒட்டி ஒரு ராத்திரி காய வச்சாப் போதும். ஒரு மேப்புல மூணு விஷயத்துக்கு மேல ஒட்டாதீங்க, விரலுக்குக் குழம்பிரும். கொல்கத்தாவுல இருக்கிற நாட்மோங்கிற மத்திய அரசு மேப் நிறுவனம் பிரெய்லி அட்லஸ் போட்டிருக்கு, பள்ளி மூலமா எழுதிக் கேட்டுப் பாருங்க. எங்க ஸ்கூல்ல செஞ்ச நூல் மேப்பை பார்வை இருக்கிற பசங்களும் கண்ண மூடித் தடவி விளையாடி, காவிரி எங்க பிரியுதுன்னு பந்தயம் கட்டுனாங்க, ஜெயிச்சது இவன்தான்.

கியூஜிஸ் கத்துக்கணுமா?

11, 12 எடுத்தா கத்துக்கோங்க, கம்ப்யூட்டர்ல மேப் தயாரிக்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர் (QGIS), பழைய லேப்டாப்லயும் ஓடும். 9, 10 மட்டும்னா அவசரமில்ல, மொதல்ல அந்த டோபோஷீட்டை லேமினேட் பண்ணுங்க.

லீவு விட்டா மழைமானியை யாரு பாக்குறது?

வாட்ச்மேன் அண்ணன். ஒரு நோட்டும் பேனாவும் குடுத்து 8.30-ன்னு சொல்லிருந்தேன். தீபாவளி லீவு முடிஞ்சு போயிப் பாத்தா ஒரு நாள் கூட விடாம எழுதி வச்சிருந்தாரு, ஒரு நாளைக்கு மட்டும் பக்கத்துல "ஆடு தட்டி விட்டது"ன்னு போட்டிருந்துச்சு.